ஐந்து கோப்பிலும் இருப்பவர்கள்

ஜூன் 5, திங்கள்

மிக்ஸி புகைந்து செத்தது. பாதி அரைபட்ட சட்னியை வழித்துத் தோசையில் தடவித் தின்றுவிட்டு, இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் தொங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாற்காலியில் உட்காரும் முன்பே ஏ.ஓ. கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. கதவில் நிர்வாக அலுவலர் என்று பலகை இருந்தாலும், எங்கள் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் தயாபரன் சாரை எல்லோரும் ஏ.ஓ. என்றுதான் சொல்வோம்.

அதிசயமாக நல்ல செய்தி. ஐந்து வருடம் விடாமல் ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்களை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். நர்ஸ், லேப், மருந்தகம், அலுவலகம் எல்லாம் சேர்த்து. யார் யார் என்ற பட்டியலை நான் எடுத்துத் தர வேண்டும்.

"எத்தனை நாள் வேணும் இந்திராணி?"

"ஃபைல் கைக்கு வந்தா ஒரு நாள் சார். அதுலயும் பாதி நேரம் ஃபைல்ல இருக்கற குப்பையைக் கழுவத்தான்."

"போன தடவை இதே மாதிரி வேலைக்கு ரெண்டு பேரு எக்ஸெல்ல ஒரு வாரம் உக்காந்தாங்க."

அந்த இரண்டு பேரும் கண்ணால் தேடி மஞ்சள் கலர் பூசுகிறவர்கள். ஒரு வாரத்தில் முடித்ததே பெரிய விஷயம்.

இங்கே ஒவ்வொரு ஏப்ரலிலும் புது ஒப்பந்தம் போட்டுப் புது எண் கொடுப்பார்கள். அதனால் எண்ணை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பிறந்த தேதியும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல். பேரு, இனிஷியல், ரெண்டும் அஞ்சு வருஷமும் ஒத்துப்போகணும். ஒரு எழுத்து மாறினாலும் விட்டுடுங்க."

இனிஷியல் இல்லாவிட்டால் இங்கே இருக்கும் செல்விகள் எல்லோரும் ஒரே செல்வி ஆகிவிடுவார்கள், அது சரிதான். இந்த ஆஸ்பத்திரியிலும் கறாராகப் பேச ஒரு ஆள் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 6, செவ்வாய்

நான் வேலைக்கு வந்த புதிதில், கறுப்புத் திரையைத் திறந்து எழுத்தால் கட்டளை கொடுப்பதைப் பார்த்து, கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டது என்று ஒருவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். நிரந்தர ஊழியர்.

என் நிரல்கள் எல்லாம் சின்னவை. பைத்தானில் பதினைந்து வரி, மிஞ்சினால் முப்பது. ஒரு நிரலுக்கு ஒரு வேலை. பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கூப்பிட்டால் வரும், சொன்னதைச் செய்யும், போய்விடும். மனிதர்களிடம் இந்தக் குணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் நானே பெயர் வைத்திருக்கிறேன். எதைக் கொடுத்தாலும் குற்றம் கண்டுபிடித்துத் துப்பும் நிரலுக்கு மாமியார் என்று பெயர். எல்லாவற்றையும் படித்துவிட்டு எதிலும் கைவைக்காமல் போகும் நிரல் மாமனார். இன்னொன்றுக்கு என்னைக் கட்டியிருந்தவன் பெயர் வைத்திருந்தேன். அது பாதியில் நின்றுவிடும், ஏன் நின்றது என்று சொல்லாது. அதை அழித்துவிட்டேன்.

இன்று எழுதியதற்கு 'ஐவர்' என்று பெயர். கட்டளை வரியில் ஐந்து வருடக் கோப்புகளின் பெயரையும் வரிசையாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பிலிருந்தும் பெயர்களை எடுத்து ஒரு கணமாக்கும். பள்ளிக்கூடத்தில் வட்டத்தின்மேல் வட்டம் போட்டு நடுவில் பென்சிலால் தீட்டினோமே, அதே கணக்குதான். ஐந்து வட்டத்துக்கும் பொதுவான நடுப்பகுதி மட்டும் திரையில் வந்து விழும். பதினெட்டு வரியில் முடிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மிக்ஸியைக் கடையில் கொடுத்தேன். மோட்டார் போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். அவனையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஜூன் 7, புதன்

கோப்புகளைத் தட்டச்சு செய்தவன் கையில் கிடைத்தால் கேட்க நிறைய இருக்கிறது. புள்ளிக்கு முன்னால் இடம், புள்ளிக்குப் பின்னால் இடம், புள்ளியே இல்லாமல் இடம், இனிஷியல் ஒரு வருடம் பெயருக்கு முன்னால், அடுத்த வருடம் பின்னால். மாமியாரை ஓட்டினேன், திரை கொள்ளாத அளவுக்குப் புகார். சாயங்காலம் வரை உட்கார்ந்து அத்தனையையும் ஒரே மாதிரி ஆக்குகிற இன்னொரு நிரல் எழுதினேன். முதுகு விட்டுப்போனது. வீட்டுக்கு வந்தால் தண்ணீர் இல்லை, வீட்டுக்காரர் மோட்டார் போட மறந்துவிட்டாராம். வாடகை கேட்க மட்டும் மறக்க மாட்டார்.

ஜூன் 8, வியாழன்

ஐவரை ஓட்டினேன். என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. மேலிருந்து கீழ் வரை படித்தேன். கோகிலவாணி இல்லை. இன்னொரு முறை படித்தேன். இல்லை.

சந்தோஷமாக இருந்தது. இது என் டைரி, யாருக்காக மறைக்க வேண்டும்?

கோகிலவாணி பிரசவ வார்டு நர்ஸ். அவனுடைய தங்கை. என் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்டவள். இந்த வேலைக்கு என்னைக் கூட்டிவந்தவளும் அவள்தான். "எங்க மதினி கம்ப்யூட்டர்ல கில்லாடி" என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவோம். இப்போது வராந்தாவில் அவள் எதிரே வந்தால், சுவரில் ஒட்டியிருக்கும் கைகழுவும் முறையை நான் நின்று படிப்பேன். எனக்கு அது மனப்பாடம்.

பட்டியலை ஏ.ஓ.வுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 9, வெள்ளி

கேன்டீனில் மருந்தகத்துப் பெண் கேட்டாள், "அக்கா, உங்க பேரு வந்துருச்சா?" வந்திருக்கும் என்றேன். அப்போதுதான் உறைத்தது. நேற்று பட்டியலில் என் பெயரை நான் தேடவே இல்லை. இன்னொருத்தி பெயர் இல்லாததைக் கொண்டாடிவிட்டு மூடிவிட்டேன். டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

நானும் இல்லை.

நிரலை வரி வரியாகப் பார்த்தேன். தப்பு இல்லை. பிறகு கோப்புகளைத் திறந்தேன். முதல் மூன்று வருடம் கே. இந்திராணி. கடைசி இரண்டு வருடம் பி. இந்திராணி. கே. என்றால் அவன், குமரகுரு. பி. என்றால் என் அப்பா பரமசிவம். போன வருடம் ஏப்ரலில் ஒப்பந்தத் தாளில் அந்த எழுத்தை மாற்றி எழுதியவள் நானேதான். பேனா மறுபக்கம் தெரிகிற அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

அதே ஏப்ரலில் கே. கோகிலவாணி எம். கோகிலவாணி ஆகியிருக்கிறாள். கல்யாணம் ஆனதும் அப்பாவின் எழுத்து போய்ப் புருஷன் எழுத்து வந்திருக்கிறது. ஐந்து வருடமும் பிரசவம் பார்த்தவள் என் நிரலுக்கு இரண்டு ஆட்கள். ஒருத்தி மூன்று வருடத்தில் காணாமல் போனவள், இன்னொருத்தி போன வருடம் புதிதாக வந்தவள்.

அதன் பிறகு தேடத் தெரிந்துவிட்டது. மொத்தம் பதினோரு பெண்கள். ஒரு ஆண்கூட விட்டுப்போகவில்லை. ஆண்களுக்குத் தொட்டிலிலிருந்து பாடை வரைக்கும் ஒரே இனிஷியல். நாங்கள்தான் ஆள் மாற மாற எழுத்து மாற்றிக்கொண்டு திரிகிறோம். இதை நான் ஏன் யோசிக்கவில்லை? ஒரு எழுத்துக்காக வங்கி, ஆதார், கேஸ் கம்பெனி என்று ஒரு வருடம் அலைந்தவள் நான். எனக்கே தோன்றவில்லை.

ஜூன் 10, சனி

வக்கீல் அம்மா போன் செய்தார். விவாகரத்து வழக்கில் அவன் பக்கத்தில் பதில் மனு போட்டுவிட்டார்களாம். நான் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நானாகவே வீட்டை விட்டுக் கிளம்பிப் போனேனாம்.

"பாத்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?"

இல்லை என்றேன். துணி துவைத்தேன். ஒரு போர்வையை மூன்று முறை அலசினேன்.

ஜூன் 12, திங்கள்

ஏ.ஓ. அறைக்குள் வாசனை மெஷின் ஒன்று நிமிடத்துக்கு ஒரு தரம் மல்லிகைப்பூ என்று எதையோ துப்பிக்கொண்டு இருந்தது. 

"சார், அந்த லிஸ்ட் தப்பு. பதினோரு பேரு விட்டுப்போச்சு. இனிஷியல் மாறினவங்க."

"ப்ரோக்ராம் தப்பா?"

"ப்ரோக்ராம் நீங்க சொன்னதைத்தான் செஞ்சுருக்கு. பிறந்த தேதியோட பொருத்தினா இன்னைக்கே சரி பண்ணிடலாம்."

அவர் பதறுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "உக்காருங்க இந்திராணி. நீங்க டெக்னிகலா யோசிக்கிறீங்க. நான் நிர்வாகத்தை யோசிக்கணும். எல்லாம் புதுசாக் கல்யாணம் ஆனதுக. இன்னைக்கோ நாளைக்கோ பிரசவ லீவுன்னு வந்து நிப்பாங்க. பர்மனென்ட்டுன்னா ஆறு மாசம் சம்பளத்தோட கொடுக்கணும். லிஸ்ட்டை நான் போடல. கம்ப்யூட்டர் போட்டுச்சு. யாரு வந்து கேட்டாலும் அதான் பதில்."

இவர் கறாரானவர் என்று நான்தான் போன வாரம் இதே டைரியில் எழுதினேன். ஒரு எழுத்து மாறினாலும் விட்டுடுங்க என்று சொன்னபோதே யார் யார் விழுவார்கள் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் எழுந்தேன். கதவுப் பக்கம் போன பிறகு, "உங்க பேரு இல்லைங்கறதையும் பாத்தேன்" என்றார். "நீங்க என் ஆபீஸ் ஸ்டாஃப். உங்க பேரைக் கையால சேத்துடறேன். மத்ததைப் பெருசாக்காதீங்க."

நான் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். வாசனை இன்னும் புடவையில் இருக்கிறது. பேசாமல் வந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 13, செவ்வாய்

யோசிக்கவே இல்லை என்று எழுத ஆசை. நாள் பூராவும் யோசித்தேன்.

ஜூன் 14, புதன்

பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். கடைசிப் பெயருக்குக் கீழே பேனாவால் பி. இந்திராணி என்று எழுதியிருந்தது. ஏ.ஓ.வின் கையெழுத்து எனக்குத் தெரியும், கோழி கிளறின மாதிரி இருக்கும். கண்ணாடிக்குள் இருந்ததால் கிழிக்க முடியவில்லை.

மதியம் கோகிலவாணி கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். சீருடையோடு வாசலிலேயே நின்றாள். ஒன்றரை வருடத்தில் அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நான் தயாராகத்தான் இருந்தேன்.

"உங்க பேரைக் கையால எழுதியிருக்காக மதினி. அதை நாளைக்கு அழிச்சுப்புட்டா என்ன பண்ணுவீக? அச்சுல வரணும்ல."

"மதினின்னு கூப்பிடாத."

"வேற எப்படிக் கூப்பிட?"

"கூப்பிடவே வேண்டாம்."

அவள் தன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். என் பெயருக்காகக் கவலைப்பட இவள் யார்?

இதை எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் சோறு இறங்காது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், அவளுக்குத் தலைதீபாவளி. புது மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். மறுநாள் மத்தியானம் சமையலறையில் அவனுக்கும் எனக்கும் வாக்குவாதம். எதற்கு என்று இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வரும், என் சம்பளக் கார்டு யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு. பின்வாசல் வழியாக என் கையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைத் தாழ்போட்டான். மழை பெய்துகொண்டு இருந்தது. நான் தட்டினேன். அவன் முன்பக்கம் போய்விட்டான், டிவி சத்தம் கேட்டது. பிறகு கொலுசுச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது. அந்தக் கொலுசை அவளுக்கு எடுத்துக் கொடுத்தவள் நான். கோகிலா, கதவைத் திற என்று சொன்னேன். சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் திரும்பிப் போய்விட்டது.

அவன்மேல் இருக்கும் கோபம் எனக்குப் பழகிவிட்டது. இது பழகவில்லை.

ஜூன் 15, வியாழன்

காலையில் போனதும் நிரலைத் திறந்தேன். பிறந்த தேதி கான்ஃபிடென்ஷியலாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் புது எண்ணோடு எல்லோருக்கும் அடையாள அட்டை அச்சடிப்பவள் நான். ஒவ்வொரு அட்டையிலும் பிறந்த தேதியை அச்சடித்துக் கழுத்தில் தொங்கவிட்டு ஊர் முழுக்க நடக்கவிட்டிருக்கிறோம்.

புது நிரலில் இனிஷியலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் பொருத்தினேன். ஒரே பெயரும் ஒரே தேதியும் உள்ள இரண்டு பேர் வந்தால் தானாக முடிவு செய்யாமல் நிறுத்தி என்னைக் கேட்கும்படி எழுதினேன். அப்படி யாரும் வரவில்லை. கோபத்தில் எழுதினால் நான் தப்பு விடுவதில்லை, இதை முன்பே கவனித்திருக்கிறேன். கோப்பைச் சேமிக்கும்போது பெயர் கேட்டது. மதினி என்று வைத்தேன். அந்த நேரத்துக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

ஓட்டினேன். பழைய பட்டியலில் இருந்த எல்லோரும் வந்தார்கள், கூடவே பதினோரு பேர்.

இரண்டு பட்டியலையும் அச்செடுத்தேன். ஐவரின் பதினெட்டு வரியையும் அச்செடுத்து, இனிஷியலைப் பொருத்தும் வரியைச் சிவப்பு மையால் சுழித்து, இது யார் சொல்லி எழுதப்பட்டது என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேராக மேட்ரன் எஸ்தர் மேடத்திடம் கொண்டுபோனேன். நர்சுகள் எல்லோருக்கும் அவர்தான் தலைமை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"என்னம்மா இது. லேபர் வார்டுல பாதிப் பேரைக் காணோம்னு நேத்துலேருந்து நான் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். இந்தச் சுழிச்ச வரிதானா அது?"

"அந்த ஒரு வரிதான் மேடம்."

"உன் பேருதான் பேனாவுல இருக்கே. இதைக் கொடுத்தா அது போயிடாதா?"

"போகட்டும் மேடம்."

வீரமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். வெளியே வந்து குழாயடியில் நின்று நாலு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 16, வெள்ளி

நோட்டீஸ் போர்டில் என் பெயரை ஒயிட்னர் வைத்து அழித்திருக்கிறார்கள். அழித்த இடம் கட்டியாக மேடு தட்டி நிற்கிறது, தூரத்திலிருந்தே தெரிகிறது. ஏ.ஓ. என்னைப் பார்த்து, "உதவி பண்ண நினைச்சவனுக்கு இதுதான் மரியாதை" என்றார். அவர் உதவியைத் தூக்கி அந்த மல்லிகைப்பூ மெஷினுக்குள் போடட்டும்.

ஜூன் 19, திங்கள்

மேட்ரன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு சேர்மன் அறைக்கு முன்னால் நிறுத்தினார். ட்யூட்டி முடிந்தவர்கள், ட்யூட்டிக்குப் போக வேண்டியவர்கள், ஒருத்தி எட்டு மாத வயிற்றோடு. நானும் வரிசையின் கடைசியில் நின்றேன். கோகிலவாணி முன்னால் நின்றாள். அவள் திரும்பும்போதெல்லாம் நான் சேர்மன் அறைக் கதவின் கைப்பிடியைப் பார்த்தேன்.

சேர்மன் பெரியவர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரில் தவறு நடந்திருக்கிறது, வருந்துகிறோம் என்றார். கம்ப்யூட்டர் எந்தத் தவறும் செய்யவில்லை ஐயா என்று நான் சொல்ல வாயெடுத்தேன், மேட்ரன் என் கையைப் பிடித்து அழுத்தினார். முடிவு இதுதான்: இனிஷியல் மாறிய ஒவ்வொரு பெண்ணும், அவரும் இவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மாறுவதற்கு முன்பும் பின்பும் அவரை அறிந்த சக ஊழியர் ஒருவர் அதில் சாட்சி சொல்ல வேண்டும். மாறிய காரணமும் வேண்டும். இருபத்தாறாம் தேதி கடைசி.

மற்றவர்கள் கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக வந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வருடமாக இவர்கள் முகத்தைத் தினமும் மெஷினில் காட்டித்தான் உள்ளே போகிறார்கள். இவர்கள் போட்ட ஊசியைச் சேர்மனே போட்டுக்கொண்டிருப்பார். தப்பு செய்தது ஆபீஸ். ஆனாலும் நான்தான் நான் என்று பத்திரம் வாங்கி நிரூபிக்க வேண்டியது இவர்கள்.

ஜூன் 21, புதன்

பத்து பேருக்கு வேலை சுலபம். கல்யாணப் பத்திரிகையை இணைத்து, பக்கத்து வார்டுத் தோழியைச் சாட்சி போடச் சொன்னால் முடிந்தது. என் விண்ணப்பத்தைப் பார்த்து ஏ.ஓ. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உங்க கேஸ் வேற ஆச்சே. கல்யாணம் ஆகி மாறல. டிவோர்ஸ் ஆர்டர் இருக்கா?"

"கேஸ் நடக்குது."

"அப்ப லீகலா நீங்க இன்னும் கே.தான். எதுக்கு மாத்துனீங்கன்னு கேப்பாங்க. உங்களை அப்பவும் இப்பவும் தெரிஞ்சவங்க, என்ன நடந்ததுன்னு தெரிஞ்சவங்க யாராச்சும் சாட்சி சொன்னா பாக்கலாம்."

அந்த வீட்டையும் தெரிந்து, இந்த ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிறவள் ஒரே ஒருத்திதான். அவளிடம் கேட்பதற்குப் பதில் நான் பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை போடுவேன்.

ஜூன் 24, சனி

சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம். கோகிலவாணி. என் மாடி வீட்டை யார் காட்டினார்களோ. கையில் முத்திரைத் தாள் இரண்டு வைத்திருந்தாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"எனக்கு நீங்க சாட்சி. உங்களுக்கு நான். நாளைக்குக் கோர்ட்டு ரோட்டுல நோட்டரி இருப்பாராம், மேட்ரன் சொன்னாக."

"உனக்குத்தான் லேபர் வார்டே இருக்கே. அவளுகளைக் கேளு."

"அவளுக எல்லாம் போன வருசம் வேற வார்டுலேருந்து மாறி வந்தவளுக. என்னையக் கே. கோகிலவாணியாப் பாத்த ஆளு நீங்கதான்."

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

அவள் பதில் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். அவள் முத்திரைத் தாளின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றாள். அப்படி நிற்பதற்கா இவ்வளவு தூரம் வந்தாள்? எனக்கு அந்த மௌனத்தைத் தெரியும், அதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன்.

கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன். போட்டுவிட்டு உள்ளே நகராமல் அப்படியே நின்றேன். அவளும் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் படியில் சத்தம் இறங்கியது.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும்.

ஜூன் 25, ஞாயிறு

போனேன். என் நிரல் அவளை இரண்டாக்கியது, அதை ஒன்றாக்கிக் கொடுப்பது என் வேலை, அதோடு சரி. என் பத்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

நோட்டரியின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால். நோட்டரி ஒரு மேசையில், தட்டச்சுக்காரர் பழைய கம்ப்யூட்டரோடு இன்னொரு மேசையில். கோகிலவாணி எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வருவேன் என்று அவளுக்கு யார் சொன்னது?

அவள் பத்திரம் கால் மணி நேரத்தில் முடிந்தது. சாட்சிக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். "இவ அண்ணனைக் கட்டியிருந்தேன்" என்றேன். தட்டச்சுக்காரர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அண்ணி என்று அடித்தார். கையெழுத்துப் போட்டேன். எழுந்து பையை எடுத்தேன்.

"இன்னொண்ணு இருக்கு சார்" என்றாள் கோகிலவாணி. இரண்டாவது முத்திரைத் தாளை மேசையில் வைத்தாள். "கே. இந்திராணி, பி. இந்திராணி. சாட்சி நான்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தட்டச்சுக்காரர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். அவரிடம் தயாராக ஒரு வாசகம் இருந்தது, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். "மேற்படி நபர் தனது சொந்தக் காரணங்களுக்காக..."

"சொந்தக் காரணம்னு போடாதீக" என்றாள் கோகிலவாணி.

"பின்ன எப்படிம்மா போட?"

"எங்க அண்ணன் இவுகளக் கையப் பிடிச்சு வெளிய தள்ளிக் கதவச் சாத்துனாரு. மழை பேஞ்சுச்சு. இவுக தட்டுனாக. அதுலேருந்து அவரு இனிஷியலப் போடுறது இல்ல. நான் உள்ளதான் இருந்தேன். எம் பேரச் சொல்லித் திறக்கச் சொன்னாக. பக்கத்து ரூம்புல எங்க வீட்டுக்காரரு உக்காந்திருந்தாரு, கல்யாணமாகி ரெண்டு மாசம், எங்க வீட்டு லட்சணம் அவருக்குத் தெரியக் கூடாதுன்னு நான் திறக்கல. அதையும் சேத்து அடிங்க."

தட்டச்சுக்காரர் கையை எடுத்துவிட்டார். நோட்டரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, இது ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கற காகிதம். ரெண்டு பேரும் ஒருத்தர்னு சொன்னாப் போதும். இப்படி எழுதிச் சத்தியம் பண்ணினா இது நாளைக்கு ஃபேமிலி கோர்ட்டுக்கும் செல்லும். உங்க அண்ணனுக்கு எதிராத் திரும்பும்."

"செல்லட்டும் சார்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே படிக்க ஒன்றும் இல்லை, வெறும் சுவர்.

அடித்து முடித்துத் தாளை என்னிடம் கொடுத்தார்கள், படித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒன்றரை வருடமாக இதையே நான் என் வாயால் சொன்னேன். மாமனாரிடம் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். பெண் என்றால் கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும் என்றார்கள். இவள் ஒரு முறை சொன்னதும் முத்திரை குத்துகிறார்கள். அன்றைக்கே ஒரு தாழ்ப்பாளை இழுத்திருந்தால் இந்தத் தாளே வேண்டியிருக்காது. அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே கிழித்துப்போட்டுவிட்டு வந்திருப்பேன்.

கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று அவள் போனை எடுத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "அடுத்தவுக சொல்லித் தெரியுறதுக்கு நானே சொல்லிப்புடுறேன்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னாள். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. எடுத்துவிட்டான்.

"அண்ணே, கோகிலா பேசுறேன். கோர்ட்டு ரோட்டுல நிக்கேன். மதினிகூட இருக்கேன்."

அந்தப் பக்கம் அவன் கத்த ஆரம்பித்தான். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவன் கத்தி முடிக்கும் வரை நானும் அங்கேயே நின்றேன்.